மூன்றாம் கூடத்தின் பன்னிரண்டு நிமிடம்

நீதிமன்றத்தில் அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். "சுருக்கு எங்கே?" என்று கேட்டால் வாசல் காவலர் முதல் தேநீர் கொண்டுவருகிறவர் வரை மாடியைக் கைகாட்டுவார்கள். சுருக்கெழுத்து வேலை என்பதால் வந்த பெயர். பேச்சும் அப்படித்தான். நாலு வார்த்தை பேச வேண்டிய இடத்தில் இரண்டோடு நிறுத்திக்கொள்வாள். அந்த இரண்டும் சில சமயம் ஆளைச் சுருக்கென்று தைத்துவிடும். யார் வைத்த பெயரோ, அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி அவளுக்குப் பொருந்திப் போனது.

பதினோரு வருஷமாக மூன்றாம் கூடம்தான் அவளுடைய இடம். நீதிபதியின் மேடைக்குக் கீழே, சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேசை, கோடு போட்ட நோட்டு, கூர் சீவிய பென்சில். சாட்சி சொல்வது, வக்கீல் கேட்பது, நீதிபதி இடைமறிப்பது எல்லாம் ஒன்று விடாமல் அந்த நோட்டில் கோடும் வளைவும் புள்ளியுமாக இறங்கும். மாலையில் அதைக் கணினியில் தட்டி, மறுநாள் காலை பத்து மணிக்குள் நீதிபதியின் மேசையில் வைத்துவிடுவாள். கூடத்தின் சுவரில் ஓர் ஒலிப்பதிவுக் கருவியும் இருந்தது. மின்விசிறியின் சத்தத்தை அது மிகத் துல்லியமாகப் பதிவு செய்யும். மனிதர்கள் பேசியது என்ன என்பதற்கு எல்லோரும் அவளிடம்தான் வர வேண்டும். கொலை வழக்கானாலும் கோழி திருடிய வழக்கானாலும் அவள் முகம் ஒரே மாதிரி இருக்கும். எழுதுகிறவள் முகத்தில் எதையாவது பார்த்துவிட்டால் சொல்கிறவன் வார்த்தையை மாற்றிவிடுவான் என்பாள்.

முப்பத்திநாலாவது வயதில் இரண்டாவது பிள்ளையைச் சுமந்தாள். முதல் பிள்ளை ஆறு வயதுப் பெண். அந்தத் தடவை பேறுகாலத்துக்கு ஒரு மாதம் முன்பே விடுப்பில் போய்விட்டாள். மொத்த விடுப்பு இவ்வளவுதான் என்று அளந்து கொடுத்திருந்தார்கள். முன்னால் எடுப்பது பின்னால் குறையும். முன்னால் எடுத்த அந்த ஒரு மாதத்துக்காக, இன்னும் பால்குடி மறக்காத பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வேலைக்கு வர வேண்டியிருந்தது. கூடத்தில் எழுதிக்கொண்டிருக்கும்போது ரவிக்கை நனையும்; மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு எழுதுவாள். இந்த முறை அந்த மாதத்தில் பாதியையாவது யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று முடிவெடுத்துவிட்டாள். கடைசி இரண்டு வாரம் வரைக்கும் வேலை. புருஷன் லிஃப்ட் மெக்கானிக், அதிகம் கேள்வி கேட்கிற ஆள் இல்லை.

"முடியுமா?" என்று மட்டும் கேட்டான்.

"முடியலைன்னா சொல்றேன்" என்றாள்.

முதல் பிள்ளை வயிற்றில் இருந்ததே அவளுக்குத் தெரியவில்லை. இந்தப் பிள்ளை வந்த நாளிலிருந்து தான் இருப்பதை ஒவ்வொரு மணி நேரமும் அறிவித்துக்கொண்டிருந்தது. எட்டாம் மாதம் தொடங்கியதும் தொல்லைகள் ஒவ்வொன்றாக வராமல் கூட்டமாகவே வந்து இறங்கின. எது சாப்பிட்டாலும் நெஞ்சுக் குழியில் நெருப்பு வைத்த மாதிரி எரிந்தது. பிள்ளை வலப்பக்க விலாவுக்குக் கீழே ஒரு காலை முட்டுக்கொடுத்துக்கொண்டு, அதைத் தன் சொந்த இடம் மாதிரி வைத்துக்கொண்டது. மாலையானால் செருப்பு காலுக்குள் நுழையாது. படுத்தால் மூச்சு முட்டும். புரண்டு படுக்க முதலில் முழங்கால், பிறகு இடுப்பு, பிறகு தோள் என்று தவணை முறையில் திரும்ப வேண்டும். கண் அசந்த நேரம் பார்த்துக் கெண்டைக்கால் சதை இறுகிக் கட்டையாகும்.

அவள் யாரிடமும் புலம்பவில்லை. ஒவ்வொரு தொல்லைக்கும் ஒரு வழி கண்டுபிடித்து, அதை ஒரு வேலை மாதிரிச் செய்தாள். மூன்று வேளைச் சாப்பாட்டை ஏழாகப் பிரித்து, கால் வயிறு கால் வயிறாகச் சாப்பிட்டாள். புருஷன் மூன்று தலையணைகளை ஏணிப்படி மாதிரி அடுக்கிக் கொடுத்தான். அதில் இடப்பக்கமாகச் சாய்ந்து, முழங்கால்களுக்கு நடுவில் நாலாவது தலையணையைச் செருகிக்கொண்டு தூங்கினாள். கெண்டைக்கால் பிடித்தால் கத்தாமல் பாதத்தை முகத்தை நோக்கி வளைத்துப் பிடித்துக்கொள்வாள். கை பாதத்துக்கு எட்டாத வயிறு வந்த பிறகு அந்த வேலை மகளிடம் போனது. அது அம்மாவின் கட்டைவிரலைப் பிடித்து இழுத்துவிட்டு, "போயிடுச்சா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்கும். போகாவிட்டாலும் போய்விட்டது என்றுதான் சொல்வாள்.

கூடத்தில் கோப்பறைக்காரர் கைகொடுத்தார். பழைய வழக்குக் கட்டுகளைப் பார்த்துக்கொள்கிற பெரியவர். அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். ஒருநாள் அவள் வருவதற்கு முன்பே மேசைக்கு அடியில் ஒரு மரப்பெட்டியைப் போட்டு, அதன்மேல் பழைய கம்பளித் துண்டை மடித்து வைத்திருந்தார். முப்பது வருஷத்துக்கு முந்தைய எல்லைத் தகராறு ஒன்று அந்தப் பெட்டிக்குள் தூங்குகிறது, மேலே கால் வைத்தால் எழுந்து வராது, தைரியமாக வைத்துக்கொள் என்றார். கால் வீக்கம் பாதி அந்தப் பெட்டியில் வடிந்தது.

ஆனால் இரண்டு தொல்லைகளுக்கு வழி கிடைக்கவில்லை. ஒன்று, விரல்கள். வலது கையில் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போக ஆரம்பித்தன. முதலில் காலையில் மட்டும் எறும்பு ஊர்வது போல இருந்தது, பிறகு எழுதும்போதே. பென்சில் கையில் இருக்கிறதா இல்லையா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எத்தனையோ தடவை நழுவி விழுந்தது. குனிந்து எடுக்க வயிறு விடாது. அதனால் ஆறு பென்சில்களைச் சீவி வரிசையாக வைத்துக்கொண்டாள். ஒன்று விழுந்தால் அதை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததை எடுப்பாள். சாயங்காலம் கோப்பறைக்காரர் துடைப்பத்தோடு வந்து அறுவடை செய்து கொடுத்துவிட்டுப் போவார்.

இரண்டாவது தொல்லை, அரைமணி நேரத்துக்கு ஒருமுறை ஒன்றுக்கு வந்தது. அதற்குக் காரணம் பிள்ளை என்றால், அதைத் தொல்லையாக்கியவர் நீதிபதி.

அவர் அந்தக் கூடத்துக்கு வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. நேர்மையானவர், வழக்குகளைத் தள்ளிப்போட மாட்டார், யார் சிபாரிசுக்கும் மசிய மாட்டார். ஆனால் நேரம் என்றால் ஒரு வெறி. சரியாகப் பத்து மணிக்கு உட்கார்ந்தால் மதியம் ஒன்றரைக்குத்தான் எழுந்திருப்பார். சாட்சி கூண்டில் நிற்கும்போது கூடத்தில் ஒரு நாற்காலிகூட நகரக் கூடாது என்பது அவர் வந்த முதல் நாளே போட்ட உத்தரவு. பெண் ஊழியர்களின் கழிப்பறை மாடிப்படி இறங்கி, முற்றம் தாண்டி, பின்கட்டடத்தில் இருந்தது.

சுருக்கு அதற்கும் ஒரு வழி பார்த்தாள். தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். காலை எட்டு மணிக்கு ஒரு வாய். அதற்குப் பிறகு ஒன்றரை மணி வரை நாக்கு நனையாது.

அப்போது நடந்துகொண்டிருந்தது கிடங்கு வழக்கு. ஒரு சரக்குக் கிடங்கின் பக்கச் சுவர் இடிந்து விழுந்து மூன்று தொழிலாளிகள் செத்துப்போனார்கள். சுவர் நன்றாகத்தான் இருந்தது, திடீரென்று விழுந்ததற்கு நாங்கள் பொறுப்பில்லை என்றது கம்பெனி. விரிசலை முன்பே பார்த்துச் சொன்னேன் என்றார் கிடங்கின் பழைய காவல்காரர். செத்தவர்களின் குடும்பங்களுக்கு அவர் ஒருவர்தான் பிடிமானம். எழுபதைத் தொட்ட மனிதர். கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். தணிந்த குரலில்தான் பேசுவார். கம்பெனி வக்கீல் அதற்கு நேர்மாறு. அவருடைய குரலுக்காக எல்லோரும் அவரைப் பீரங்கி என்பார்கள். அந்தக் குரலுக்கு ஏற்ற தொந்தியும் உண்டு. கறுப்பு அங்கிக்குள் அது தனியாக ஒரு கட்சிக்காரர் மாதிரி முன்னால் நடந்து வரும். கேள்விமேல் கேள்வியாக, மூச்சு விட இடம் கொடுக்காமல், மூன்று மணி நேரம் ஒரே சாட்சியைக் குடைவது அவருடைய பாணி.

இரண்டாவது வாரத்தில் ஒரு வியாழக்கிழமை, பீரங்கி முழங்கிக்கொண்டிருக்கும்போதே அவளுடைய வயிறு கல் மாதிரி இறுகியது. விட்டது, மறுபடி இறுகியது. கூடம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்றரை மணி வரை எழுதி முடித்தாள். பிறகு கோப்பறைக்காரரின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கி, நேராக ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அங்கே பிரசவப் பகுதியில் ஒரு நர்ஸ் உண்டு. ஆயிரம் பிள்ளைகளைக் கையில் வாங்கியவர், வாய்க்குப் பூட்டுக் கிடையாது. பரிசோதித்து, இது பிரசவ வலி இல்லை, உடம்பில் தண்ணீர் இல்லை என்று கண்டுபிடித்தார். தண்ணீர் ஏற்றினார்கள். இரண்டு மணி நேரத்தில் வயிறு இளகியது. நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"ஒண்ணுக்கு வந்தா எந்திரிச்சுப் போகணும்மா. தண்ணி குடிக்காம இருந்தா வயிறு இப்படித்தான் இறுகும், நீர்க்கடுப்பும் வரும். அந்த நீதிபதியா வந்து உனக்குப் பிரசவம் பாக்கப் போறாரு?"

ஒரு நாளைக்கு இத்தனை குவளை என்று எழுதியே கொடுத்தார். மரத்துப்போகும் கைக்கு மணிக்கட்டு மடங்காமல் பட்டை கட்டிக்கொண்டு படுக்கச் சொன்னார். கடைசி மாதங்களில் உடம்பில் நீர் கோர்த்து நரம்பை நசுக்குகிறது, பிள்ளை பிறந்தால் சரியாகிவிடும், பயப்படாதே என்றார். தலைவலியோடு முகமும் கையும் திடீரென்று வீங்கினாலோ, கண் முன்னால் பூச்சி பறந்தாலோ, வேலை மயிர் என்று பார்க்காமல் ஓடி வா என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

வீட்டில் புருஷன் முதல் தடவையாகக் கொஞ்சம் நீளமாகப் பேசினான். கோப்புப் பிரிவுக்கு மாற்றல் கேட்கலாமே, அங்கே எழுந்து போக யாரையும் கேட்க வேண்டாமே என்றான். அவள் யோசிக்காமல் இல்லை. காவல்காரரின் சாட்சியம் பாதியில் நின்றது. வேறொருவர் வந்து உட்கார்ந்தால் அந்த முனகல் பேச்சு காதுக்குப் பழகவே ஒரு வாரம் ஆகும். அந்த ஒரு வாரத்தில் எத்தனை வார்த்தை தரையில் சிந்தும்? அதுவும் போக, இடம் மாற வேண்டியது அந்த உத்தரவுதான், தான் இல்லை என்று அவளுக்குப் பட்டது.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு, கிடங்கு வழக்கின் நோட்டுகளைப் புரட்டினாள். மகள் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கோடுகளைப் பார்த்துத் தானும் நாலு தாளில் கிறுக்கியது. திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு நோட்டையும் ஒரு தாளையும் எடுத்துக்கொண்டு நீதிபதியின் அறைக் கதவைத் தட்டினாள். உட்காரச் சொன்னார். உட்கார்ந்தால் எழுந்திருக்க நேரமாகும் என்று நின்றபடியே தாளை நீட்டினாள்.

அதில் அவள் தன்னைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. பத்து நாள் விசாரணை; பத்து மணியிலிருந்து பதினொன்றரை வரை தவறிய வார்த்தைகள், ஒன்றுமில்லை. பன்னிரண்டரையிலிருந்து ஒன்றரை வரை தவறியவை, பதினொன்று. ஒவ்வொன்றும் எந்தத் தேதி, எந்தப் பக்கம், பிறகு எந்த வக்கீலிடம் கேட்டுச் சரிசெய்தாள் என்பது வரை இருந்தது. ஏழாவதாக இருந்த வார்த்தைக்குக் கீழே கோடு போட்டிருந்தாள். "முந்தின நாளும் மேனேஜர்கிட்ட சொன்னேன்" என்று காவல்காரர் சொன்ன வாக்கியத்தில் 'முந்தின' என்பது விட்டுப் போயிருந்தது.

நீதிபதி அந்த வரியைக் கண்ணாடியை ஏற்றியும் இறக்கியும் பார்த்தார். அந்த ஒரு வார்த்தையில்தான் வழக்கே நின்றது என்பது அவருக்குத் தெரியும்.

"ஏன் இப்படி ஆகுது?" என்று கேட்டார்.

"எந்திரிச்சுப் போக முடியலைங்கய்யா. அடக்கிக்கிட்டு உக்காந்தா அரைக் காது அங்கதான் இருக்கு."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"யாரும் நகரக் கூடாதுன்னு சொன்னீங்க."

அவர் தாளை மடித்து மேசைமேல் வைத்தார். மணிக்குப் பத்து நிமிஷம் போதுமா என்று கேட்டார். படியிறங்கி முற்றம் தாண்டித் திரும்பி வர, இப்போது தன் நடைக்குப் பன்னிரண்டு ஆகும் என்றாள். இன்னொருவராக இருந்தால் பத்துக்கே தலையாட்டிவிட்டு வந்திருப்பார்கள். நீதிபதி தன் குறிப்பேட்டில் பன்னிரண்டு என்று எழுதிக்கொண்டார்.

அன்றிலிருந்து மூன்றாம் கூடம் மணிக்கொரு முறை பன்னிரண்டு நிமிஷம் கலைந்தது. சுருக்கு மேசைமேல் தண்ணீர்ப் புட்டியை வைத்துக்கொண்டு பகிரங்கமாகக் குடித்தாள். இடைவேளை என்றதும் முதலில் எழுந்து, இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்புகிற நிதானத்தில் நடப்பாள். கூடத்தில் இருப்பவர்கள் வழிவிட்டு ஒதுங்குவார்கள்.

பீரங்கிக்கு இது அறவே பிடிக்கவில்லை. மூன்று மணி நேரம் ஒரே மூச்சாகக் குடைந்தால்தான் சாட்சி தள்ளாடும். இப்போதோ கிழவர் ஒவ்வொரு மணிக்கும் போய் முகம் கழுவிக்கொண்டு புது ஆளாக வந்து நின்றார். மூன்றாம் நாள், இடைவேளைக்கு நேரமானபோது பீரங்கி எழுந்து ஆட்சேபம் தெரிவித்தார். சாட்சியை ஒரு முனைக்குக் கொண்டுவரும்போதெல்லாம் கூடம் கலைகிறது, இது தன் கட்சிக்காரருக்குச் செய்கிற அநியாயம் என்றார். பேச்சின் சூட்டில் இன்னும் கொஞ்சம் சொன்னார். சொல்லிக்கொண்டே போனதை எல்லாம், வழக்கம் போல, அவள் எழுதிக்கொண்டே போனாள். தன்னைப் பற்றித்தான் பேசுகிறார் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. காது மடல் சுட்டது. பிள்ளை விலாவில் ஓர் உதை விட்டது. ஒரு பென்சில் விழுந்தது, அடுத்ததை எடுத்துக்கொண்டாள்.

நீதிபதி சாய்ந்து உட்கார்ந்தார். ஆட்சேபத்தின் மேல் உத்தரவு போடும் முன் அதை ஒருமுறை முழுதாகக் கேட்க வேண்டும், வாசியுங்கள் என்றார்.

சுருக்கு எழுந்து நின்றாள். எட்டாம் மாத மூச்சு நாலு வார்த்தைக்கு மேல் தாங்காது. இடையிடையே நிறுத்தி, ஏற்றமும் இறக்கமும் இல்லாத குரலில் வாசித்தாள்.

"ஒரு ஊழியரோட வயித்து உபாதைக்காக... நீதி வாசல்ல காத்துக்கிட்டு நிக்கணுமா... இவ்வளவு பெரிய வயித்தை வச்சிக்கிட்டு... வேலைக்கு வர்றவங்க... வீட்டுலயே இருந்துட்டா... எல்லாருக்கும் நல்லது."

பின் வரிசையில் யாரோ முதலில் செருமினார்கள். பிறகு எல்லோருடைய பார்வையும் ஒரே இடத்துக்குப் போனது. பீரங்கியும் குனிந்து பார்த்துக்கொண்டார். அவருடைய அங்கியின் பொத்தான்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றன. கூடம் முழுக்க ஒரு சிரிப்பு, அடக்கியும் அடங்காமலும் ஓடியது. நீதிபதி ஏதோ தாளைத் தேடுகிற மாதிரி முகத்தை மறைத்துக்கொண்டார். அவள் மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த வரிக்காகப் பென்சிலோடு காத்திருந்தாள்.

கடைசி வாக்கியத்தை நீக்கிவிடலாம் என்று பீரங்கி தணிந்த குரலில் சொன்னார்.

அவள் நீதிபதியைப் பார்த்தாள். "நீக்கவாங்கய்யா?"

"இருக்கட்டும்" என்றார் நீதிபதி.

ஆட்சேபம் தள்ளுபடியானது. கூண்டிலிருந்து காவல்காரர் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினார். "எனக்கும் ரொம்ப நேரமா போகணும்ங்கய்யா" என்றார். இரண்டாவது சிரிப்புக்கு யாரும் அடக்கம் பார்க்கவில்லை.

அந்த இடைவேளையில் முற்றத்துக் குழாயடியில் அவரும் அவளும் எதிர்ப்பட்டார்கள். சாட்சியும் எழுத்தரும் பேசிக்கொள்ளக் கூடாது என்பது விதி, பேசிக்கொள்ளவில்லை. அவர் ஒதுங்கி வழிவிட்டுக் கைகூப்பினார். முதல் இரண்டு வாரம் அவர் அவசரம் அவசரமாகப் பதில் சொல்லி, பாதியை விழுங்கியதற்குக் காரணம் என்ன என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. திரும்பி வந்து கூண்டில் ஏறி நின்றவர், பீரங்கி எவ்வளவு சுற்றி வளைத்தும், சுவர் விழுவதற்கு முந்தின நாளும் அதற்கு முந்தின வாரமும் யாரிடம், எங்கே நின்று சொன்னார் என்பதைத் தெளிவாகச் சொன்னார். அவளும் ஒரு வார்த்தை விடாமல் எழுதினாள்.

ஒன்பதாம் மாதம் பாதியில் தீர்ப்பு எழுதும் நேரம் வந்தது. நீதிபதி சொல்லச் சொல்ல எழுத வேண்டும். ஐம்பது பக்கத்துக்குக் குறையாது. விரல்கள் அதற்குள் இன்னும் மோசமாகிவிட்டன. பட்டை கட்டியதில் காலை நேரம் கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான். பென்சிலில் துணியைச் சுற்றித் தடிமனாக்கி, மரத்துப்போன விரல்களை விட்டுவிட்டு, மோதிர விரலையும் சுண்டுவிரலையும் முட்டுக்கொடுத்துப் பிடிக்கப் பழகியிருந்தாள். முதல் நாள் உட்கார்ந்து எழுதினால் விலாவில் குத்தியது. கோப்பு அலமாரியின் மேல்தட்டு அவள் நெஞ்சு உயரத்துக்கு இருந்தது. நோட்டை அதன்மேல் வைத்துக்கொண்டு நின்றாள். கை உயரத்தில் இருந்ததால் மரப்பும் சற்றுக் குறைந்தது. அவள் நிற்கும்போது தான் உட்கார்ந்திருக்க நீதிபதிக்குக் கூச்சமாக இருந்ததோ என்னவோ, அவரும் எழுந்து அறைக்குள் நடந்துகொண்டே சொன்னார். அவளுக்காக வேகத்தைக் குறைத்தார்.

"வேகமாவே சொல்லுங்கய்யா. மெதுவாச் சொன்னா விரல் தூங்கிடும்" என்றாள்.

இரண்டு நாளில் சொல்லி முடித்தார். மூன்று நாளில் அவள் தட்டி முடித்தாள். குடும்பங்களின் பக்கம்தான் தீர்ப்பு. அது வாசிக்கப்பட்ட வெள்ளிக்கிழமை மாலை, பென்சில்களை இழுப்பறையில் போட்டுப் பூட்டி, சாவியைக் கோப்பறைக்காரரிடம் கொடுத்துவிட்டு விடுப்பில் போனாள். கீழே புருஷன் வண்டியோடு நின்றான். செருப்பு நுழையாத காலுக்கு அவன் தன்னுடைய செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு ஓட்டினான்.

பதிமூன்றாம் நாள் காலை, மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருக்கும்போது வலி எடுத்தது. பின்னி முடித்து, ரிப்பன் கட்டி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டுத்தான் புருஷனுக்குத் தகவல் சொன்னாள். சாயங்காலத்துக்குள் பையன் பிறந்துவிட்டான். கால் நீளமான பிள்ளை. விலாவில் முட்டுக்கொடுத்த கால் எது என்று நர்ஸ் பிடித்துக் காட்டச் சொன்னார். அவள் இரண்டையும் பார்த்துவிட்டு, இப்போதைக்கு இரண்டையும் மன்னித்துவிட்டேன் என்றாள்.

நெஞ்செரிச்சல் அன்றைக்கே விட்டுப்போனது. கால் வீக்கம் ஒரு வாரத்தில் வடிந்தது. விரல்கள்தான் தாமதித்தன. பிள்ளையின் தலையைத் தடவினால் உள்ளங்கைக்குத் தெரியும், விரல் நுனிக்குத் தெரியாது. பதினேழாம் நாளோ பதினெட்டாம் நாளோ, குளிக்க வைக்க வெந்நீரை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தவள் சட்டென்று கையை எடுத்தாள். சுட்டிருந்தது. அடுப்படியில் இருந்த புருஷனைக் கூப்பிட்டு, "சுடுதுங்க" என்று சிரித்தபடி சொன்னாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை; தண்ணீரை விளாவ வந்து நின்றான்.

முன்னால் விட்டுக்கொடுக்காத அந்த அரை மாதத்தையும் சேர்த்து முழுசாக வீட்டில் இருந்தாள். பையன் கவிழ்ந்து, தவழ்ந்து, கஞ்சி குடிக்கப் பழகிய பிறகுதான் வேலைக்குத் திரும்பினாள். அதற்குள் நீதிபதி வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தார். புதிதாக வந்தவர், மணிக்கொரு முறை கூடம் கலைவது எந்த விதியில் இருக்கிறது என்று கேட்டாராம். யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. கடைசியில், அந்த இடைவேளைக்குத் தானும் பழகிப்போயிருந்த பீரங்கிதான் எழுந்து, அது இந்தக் கூடத்தின் வழக்கம், நீண்ட விசாரணைக்கு மிகவும் உகந்தது என்று வாதாடினாராம். இதைக் கோப்பறைக்காரர் சொல்லச் சொல்ல, அவள் இழுப்பறையைத் திறந்து, துரு ஏறிய பென்சில் சீவியை உதறி, அன்றைக்கு வேண்டிய ஒரே ஒரு பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தாள்.